பக்கத்து சீட்

மாடி வீட்டு அக்கா நர்ஸ். கணவர் இறந்தபின் வாசலில் நின்றுபோன அவருடைய காரை ஓட்டத்தான் பழகுநர் உரிமம் வாங்கினார். லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் இருந்தால்தான் ஓட்டலாம் என்பது விதி. அப்படி அவருக்கு யாருமில்லை. பயிற்சிப் பள்ளி நேரமும் டியூட்டி நேரமும் ஒன்றாகவே இருந்தன.

ஆனாலும் தினமும் காலையில் டயரில் காற்றைப் பார்ப்பார், கண்ணாடியைத் துடைப்பார், பெல்ட் போட்டுக்கொண்டு பிரேக்கை மிதித்துப் பார்ப்பார். பிறகு இறங்கி பஸ்ஸுக்குப் போவார். நான் தையல் மெஷினில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன்.

"நகராத வண்டி எவ்வளவு மைலேஜ் குடுக்குதுக்கா?" என்பார் எங்கள் குடியிருப்புக் காவலாளி.

"உன் வாய் ஓடுற அளவுக்கு ஓடாதுப்பா."

உரிமம் முடிய ஒரு வாரமே இருந்தபோது என் ஜன்னலுக்கு வந்தார். "உன்கிட்ட லைசென்ஸ் இருக்காம்மா?"

"சைக்கிள் ஓட்டத்தான் தெரியும்க்கா."

சிரித்துவிட்டுத் திரும்பிப் போய்க் காரில் உட்கார்ந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. துணியை அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். முழங்கால் முன்னால் இடித்தது.

"இந்த சீட், அவர் என் உயரத்துக்கு முன்னால இழுத்து வெச்சது" என்றார். பிறகு குனிந்து என் சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டார். "பெல்ட் போட்டுக்கோ."

போட்டுக்கொண்டேன். அவர் சாவியைத் திருகவில்லை. பஸ் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.