இடது பக்கம் பாடவில்லை

மாமாவின் எம்பி3 பிளேயரில் இடது பக்கம் பாடவில்லை என்பதுதான் அந்த ஆடி மாதம் முழுக்க எங்கள் வீட்டுப் பிரச்சினை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஆனைக்குட்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டிலேயே தங்கிப் பட்டாசு ஆலைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். தீப்பெட்டி அளவிலான அந்தக் கருவி அவருடைய முதல் தீபாவளி போனஸில் வாங்கியது. ஆலைக்குள் அதையெல்லாம் கொண்டுபோக முடியாது. சாயங்காலம் வந்து கைகால் கழுவியதும் இரண்டு காதிலும் ஒயரைச் செருகிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிடுவார்.

அந்த வருடம் சித்திரையில் ஆலையில் ஓர் அறை வெடித்தது. அதில் வேலை பார்த்த இரண்டு பேர் திரும்பி வரவில்லை. பக்கத்து அறையிலிருந்த மாமா, தலையெல்லாம் வெடிமருந்துப் பொடியோடு நடந்தே வீட்டுக்கு வந்தார். அம்மா அவரை நிற்கவைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. இனிமேல் அந்த வேலையே வேண்டாம் என்று அழுதாள். ஆலையை மறுபடி திறந்தபோது மாமா கிளம்பிவிட்டார். "எனக்குத்தான் ஒண்ணும் ஆகலையேக்கா" என்றார்.

அதற்குப் பிறகுதான் இடது பக்கம் பாடாமல் போனது. மாமா இரண்டு முறை ஹெட்போனை மாற்றிப் பார்த்தார். சரியாகவில்லை. பழசைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கச் சொன்னார் அப்பா. ரிப்பேர் பார்த்தாலே போதும் என்றாள் அம்மா. நான் அப்பா கட்சி. புதுசு வந்தால் பழசு எனக்கு வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். எனக்கு அப்போது பத்து வயது.

முதலில் ரிப்பேர், முடியாவிட்டால் புதுசு என்று முடிவாகி, ஒரு சனிக்கிழமை மாமா என்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு சாத்தூருக்குப் போனார்.

கடைக்காரர் திருகுகளைக் கழற்றித் துடைத்து, மறுபடி பூட்டி, தன் ஹெட்போனை மாட்டிக் கேட்டார். "ரெண்டு பக்கமும் நல்லாப் பாடுதேண்ணே" என்றார். மாமா வாங்கிக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். இடது பக்கம் இல்லை. கடைக்காரர் ஒயரைப் பக்கம் மாற்றி மாட்டிவிட்டார். இப்போது பாடாத ஒயர் மாமாவின் வலது காதில் பாடியது. பாடிய ஒயர் இடது காதில் ஊமையாக இருந்தது. மாமா அதை விரலால் காதுக்குள் அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

பிறகு கடைக்காரர் அதை என் காதுகளில் மாட்டிவிட்டார். இரண்டு பக்கமும் கணீரென்று பாடியது. நான் பாட்டிலேயே மூழ்கிப்போனேன். அவர் மேசைமேல் குனிந்து மாமாவிடம் ஏதோ சொன்னார். உதடு அசைவதுதான் தெரிந்தது. மாமா கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் பைக்கை நிறுத்தி எனக்குக் காராச்சேவு வாங்கித் தந்தார். அவர் சாப்பிடவில்லை.

"வீட்ல கேட்டா, சாமான் கெடைக்கலையாம், ரிப்பேர் பண்ண முடியாதாம்னு சொல்லணும், என்ன?"

"நல்லாத்தான மாமா பாடுது?"

"பாடுது பாப்பா. இனிமே நீயே வச்சிக்கோ."

புதுசு வாங்குவதற்கு மாமா போடும் திட்டம் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. அவருடைய சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டேன்.

வீட்டில் அப்படியே சொன்னோம். நான் அப்போதே சொன்னேனே என்றார் அப்பா. அம்மா, துவைத்த துணியை எடுக்க வேண்டும் என்று என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனாள். கொடியில் துணி காயவே இல்லை.

"கடைக்காரரு மாமாகிட்ட என்ன சொன்னாரு? மறைக்காமச் சொல்லு தாயி."

"சாமான் கெடைக்கலையாம்மா."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"இல்லம்மா."

கையை நீட்டிச் சத்தியம் கேட்டாள். ஓங்கி அடித்தேன். அம்மா பெருமூச்சு விட்டுவிட்டு, ஈரத்துணியையே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

தீபாவளிக்கு முன்பே புதுசு வந்தது. மாமா வலது காதில் ஒரு ஒயரைச் செருகிக்கொண்டு, மற்றதை என்னிடம் தருவார். என்மேல் உள்ள பிரியத்தில்தான் தருகிறார் என்று நினைத்தேன். பிரியமும் இருந்திருக்கும். அவர் இன்னும் நான்கு வருடம் ஆலைக்குப் போனார்.

மதுரையில் ஒரு காது டாக்டரிடம் அவரை நான் கூட்டிப்போனபோது எனக்கு வேலை கிடைத்திருந்தது. வலி பொறுக்க முடியாமல்தான் வந்திருந்தார். இடது செவிப்பறை என்றைக்கோ கிழிந்து, உள்ளே சீழ் அரித்திருந்தது. வெடிச் சத்தம் ஏதும் கேட்டீர்களா என்று டாக்டர் கேட்டார். அப்போதே வந்திருந்தால் பெரும்பாலும் சரிசெய்திருக்கலாம் என்றார். மாமா வலது காதை அவர் பக்கம் திருப்பி, பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

அன்று வீட்டுக்கு வந்து சாத்தூரில் நடந்ததை அம்மாவிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "அவங்கிட்டக் கேக்கப் பயந்துகிட்டு, பச்சப் புள்ளைகிட்டப் போயிச் சத்தியம் கேட்டேம் பாரு" என்று தன்னைத்தான் சொல்லிக்கொண்டாள்.

கொல்லைப்பக்கம் அவள் கை நீட்டி நின்றபோது, புதுசு வாங்கச் சம்மதமில்லாமல்தான் இவ்வளவு துருவிக் கேட்கிறாள் என்று நினைத்தேன். இந்தப் பெரியவர்களுக்கு ஒரு சின்னச் சாமான் வாங்குவதற்குக்கூட எத்தனை யோசனை என்று சலித்துக்கொண்டதுகூட ஞாபகம் இருக்கிறது.