வால்வு சாய்ந்த சக்கரம்

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். கடையில் உடன் வேலை பார்க்கிறவர்களிடம்கூட நிமிர்ந்து பேசக் கூச்சப்படுகிறவள். அப்படிப்பட்டவள் பேனாவை எடுத்து, அதுவும் மோட்டார் சைக்கிள் டயரைப் பற்றி எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். விஷயம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் பின் சீட்டில் உட்கார்ந்து தெரிந்துகொண்டது.

வீடு மந்தைவெளிப் பக்கம் ஒரு சந்தில். தி. நகரில் ஒரு புடவைக் கடையில், மடிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வாங்க வந்தவர்கள் பிரித்துப் போட்ட புடவைகளை ஓரம் பிசகாமல் மறுபடி மடித்து அடுக்க வேண்டும். காலையில் வீட்டுக்காரர் என்னைக் கடையில் இறக்கிவிட்டு, தரமணியில் ஒரு கம்பெனிக் கட்டடத்துக்கு எலக்ட்ரீஷியன் வேலைக்குப் போவார்.

போன மழையில் எங்கள் சந்தில் தண்ணீர் நின்றது. வண்டிச் சக்கரம் பாதிக்கு மேல் முங்கிக் கிடந்தது. தண்ணீர் வடிந்த பிறகு பின் டயரில் காற்று நிற்கவில்லை. அது டியூப்லெஸ் டயர். உள்ளே டியூப் கிடையாது. ரிம்மோடு டயர் ஒட்டி நிற்பதால்தான் காற்று நிற்கும். தெருமுனை டயர் கடைக்காரர் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். ஆணி ஏதும் இல்லை. ரிம்மின் ஓரம் நெடுகச் சின்னச் சின்னக் குமிழ்கள் வந்தன. டயரைக் கழற்றியபோது உப்புப் பூத்த சுவர் மாதிரி ரிம் வெள்ளையாக அரித்திருந்தது. தேய்த்து, பசை தடவி, மாட்டிக் கொடுத்தார். கொஞ்ச நாள் தாங்கியது. பிறகு மறுபடி இறங்கியது.

அந்த நாட்களில் எனக்குப் பயமே இல்லை. காற்று மெதுவாகத்தான் இறங்கும். காலையில் அவர் குதிகாலால் டயரை அழுத்திப் பார்ப்பார். வழியில் பெட்ரோல் பங்க்கில் காற்றடித்துக்கொண்டு போவோம். சாயங்காலம் திரும்பும்போது பின்பக்கம் லேசாக ஆடத் தொடங்கும். முன்னால் இருப்பவருக்கு அது தெரியாது, பின்னால் உட்காருகிறவளுக்குத்தான் முதலில் தெரியும். தோளைத் தட்டுவேன். வேகத்தைக் குறைப்பார்.

தினமும் பங்க்கில் வரிசையில் நிற்பது அவருக்கு அலுத்துப்போயிற்று. உள்ளே டியூப் போட்டுவிடுங்கள் என்று டயர் கடையில் கேட்டார். அந்தக் கடைக்காரரைத் தெருவில் எல்லோரும் பாய் என்பார்கள்.  பாய் இவரைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போய் ஏதோ பேசினார். நான் பக்கத்துப் பூக்கடை நிழலில் நின்றேன். அவர்கள் பேசியது கேட்கவில்லை. இவர் தலையை ஆட்டுவது மட்டும் தெரிந்தது.

டயரின் உள்பக்கத்தைப் பாய் கையால் தடவிப் பார்த்தார். பழைய பஞ்சர்களுக்குச் செருகிய ரப்பர்த் துண்டுகளின் வால்கள் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றைப் பிளேடால் சீவினார். காற்றடிக்கிற பழைய வால்வைப் பிடுங்கி எறிந்தார். பவுடர் தூவி, புது டியூபை உள்ளே வைத்து, அதன் வால்வை ரிம் ஓட்டை வழியாக வெளியே எடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து டயர் கல் மாதிரி நின்றது. அவர் குதிகாலால் அழுத்திப் பார்ப்பதை விட்டுவிட்டார். பங்க்கில் நிற்பதும் போயிற்று. எனக்குத்தான் என்னவோ போலிருந்தது. முன்பெல்லாம் அந்தச் சக்கரம் தன் நிலைமையைத் தினமும் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு காலை, கடை வாசலில் இறங்கியபோது வால்வு கண்ணில் பட்டது. நேராக நிற்கவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஓரம் சேராத மடிப்பைப் பார்த்துப் பழகிய கண், அதனால் பட்டிருக்கலாம். அவரிடம் சொன்னேன். பாய் காற்றை இறக்கி, தட்டி, நேராக்கிக் கொடுத்தார். அடுத்த வாரமே மறுபடி சாய்ந்தது. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் இறங்கியதும் அதைத்தான் பார்ப்பேன். சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிகளின் சக்கரங்களைப் பார்ப்பேன். எல்லா வால்வும் சக்கரத்தின் நடுவைப் பார்த்து நேராக நின்றன. எங்களுடையது மட்டும் படுத்துக்கொண்டே வந்தது.

மறுபடி சொன்னபோது அவர் சிரித்தார். "புடவ மடிக்கிறத வுட்டுட்டு பாய் கடையில வேலைக்குச் சேந்துடேன்" என்றார். எங்கள் பெண்ணும் சேர்ந்து சிரித்தாள். காலேஜில் படிக்கிறாள். அப்பா கட்சி.

இப்படி இருக்கையில்தான் நாத்தனார் குழந்தைக்குக் காதுகுத்து வந்தது. மாமல்லபுரத்துக்கு அப்பால் அவர்கள் ஊர். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், அதனால் இவர் நேரத்துக்குப் போயாக வேண்டும். நான் சீர்த்தட்டுகளோடு பஸ்ஸில் போவது, அப்பாவும் பெண்ணும் வண்டியில் வருவது என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். எல்லோருமே பஸ்ஸில் போகலாமே என்றேன். "தாய்மாமன் பஸ்ல தொங்கிக்கினு போய் எறங்கணுமா?" என்றார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவர் எப்படி ஓட்டுவார் என்று எனக்குத் தெரியும். பின் சீட்டில் என் பெண் உட்கார்ந்திருப்பாள். பின்னால் ஆடினால் அவளுக்கு அது என்னவென்று தெரியாது. காதில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

காதுகுத்துக்கு முதல் நாள் சீர் சாமான் வாங்க லீவு போட்டிருந்தேன். காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும் முன் வண்டி வாசலில் நின்றது. வால்வு ஏறக்குறைய ரிம்மைத் தொட்டுக்கொண்டிருந்தது. சாமான் வாங்கப் போனவள், பையோடு டயர் கடை முன் நின்றேன். தனியாக அங்கே போனது அதுதான் முதல் தடவை. என்ன கேட்பது என்று தெரியாமல் நிற்க, பாயே கேட்டார்.

"இன்னாமா, காத்து எறங்கிச்சா?"

இல்லை, வால்வு சாய்கிறது என்றேன். ஏன் என்று கேட்டேன். டயர் ரிம்மில் நழுவுகிறது, கூடவே டியூபையும் இழுக்கிறது, வால்வு மட்டும் ஓட்டையில் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்றார். பிறகு என்ன ஆகும் என்று கேட்டேன்.

"வால்வு அடியில கிழிஞ்சா ஒரே மூச்சுல எல்லாக் காத்தும் பூடும்."

"நாளைக்கு ஈசிஆர்ல போறாங்க. பொண்ண உக்கார வெச்சுக்கிட்டு."

பாய் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துணியை மடித்து வைத்தார்.

"டியூப் போட்ட அன்னைக்கே அண்ணன்கிட்ட சொன்னேனேமா. சிட்டிக்குள்ள மெதுவா ஓட்டு, ஹைவேக்கு எடுத்துக்கினு போவாத, சீக்கிரம் ரிம்ம மாத்திடுன்னு. சரி சரின்னு தலைய ஆட்னாரு. வூட்ல சொல்லலியா?"

பூக்கடை நிழலிலிருந்து பார்த்த தலையாட்டல் இதுதான். வாங்க வேண்டிய சாமான் பாதியை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலம் அவர் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெண் நாளைக்குக் கட்ட வேண்டிய புடவைக்கு அயர்ன் போட்டுக்கொண்டிருந்தாள். பாய் சொன்னதை அப்படியே சொன்னேன்.  அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கடைக்காரன் ஆயிரம் சொல்வான், இத்தனை நாள் ஓட்டவில்லையா என்றார். நான் சண்டை போடவில்லை. எனக்கு அது வராது.

"சரி. அப்ப உங்க பின்னால நான் உக்காந்துக்கறேன். அவ தட்ட எடுத்துக்கிட்டு பஸ்ல வரட்டும்" என்றேன்.

பெண் அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள்.

"ப்பா, பாய் உன்கிட்ட சொன்னாரா, இல்லியா?"

 அவர் கை கழுவிவிட்டு வாசலுக்குப் போனார். பின் சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வால்வை விரலால் நேராக்கப் பார்த்தார். அது நிமிரவில்லை. கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே போய்ப் படுத்தது.  உள்ளே வந்து சாவியை ஆணியில் மாட்டினார்.

மறுநாள் மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தார். காதுகுத்து நேரத்துக்கு நடந்தது. பொழுது சாயத் திரும்பி வந்தபோது வண்டி நாங்கள் விட்ட இடத்திலேயே நின்றது. பின் டயர் தரையோடு படிந்திருந்தது. வால்வைக் காணவில்லை. அறுந்து ஓட்டைக்குள் போயிருந்தது.