ரெக்கார்டில் இல்லாத டிரைவர்

ரிசப்ஷனிலிருந்து போன் வந்தபோது நான் டிபன் டப்பாவைத் திறந்து இரண்டு வாய்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை. "மேடம்ஜி, ஏக் ஹவில்தார் ஸாப் பைட்டே ஹை. ஜா ஹீ நஹீ ரஹே" என்றார் ரிசப்ஷன்காரர். ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார், எழுந்து போகமாட்டேன் என்கிறார். கையில் ஒரு கடிதம் வைத்திருக்கிறார். அதில் கையெழுத்துப் போட்டவரைப் பார்க்காமல் நகரமாட்டாராம்.

அந்தக் கையெழுத்து என்னுடையது.

டில்லியில் ராணுவ ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். ஆபீஸின் பெயர் வேண்டாம். கடைசி ஒன்பது வருஷம் மெடல் செக்‌ஷனில் செக்‌ஷன் ஆபீஸர். புதிதாக இந்த மாதிரி வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் பெரிய சாதனைக் கதை எதுவும் இல்லை. இந்த ஒரு ஃபைல்தான் இருக்கிறது. அதிலும் நான் நல்லவளாக வரவில்லை.

1. கையெழுத்துப் போட்ட ஆள்

முதலில் எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சிப்பாய் சேர்ந்த நாள் முதல் வீட்டுக்குப் போகும் நாள் வரை அவருடைய வாழ்க்கை முழுவதும் ஷீட் ரோல் என்ற ஆவணத்தில் இருக்கும். எந்த யூனிட், எந்த ஊர், எப்போது லீவு, எப்போது கல்யாணம், எல்லாம். ஆனால் யாரும் இஷ்டத்துக்கு அதில் எழுத முடியாது. அவர் இருக்கும் யூனிட் 'பார்ட் டூ ஆர்டர்' என்று ஒன்று வெளியிடும். அதைப் பார்த்துத்தான் எழுதுவோம். கல்யாணமாகி மூன்று குழந்தை பெற்றிருந்தாலும் பார்ட் டூ ஆர்டரில் வராவிட்டால் எங்களுக்கு அவர் பிரம்மச்சாரிதான்.

ஓய்வுபெற்றவர்கள் எழுதுவார்கள், நான் இன்ன இடத்தில் பணி செய்தேன், அதற்கான மெடல் எனக்கு வரவில்லை என்று. நாங்கள் ஷீட் ரோலில் போஸ்டிங் பக்கத்தைத் திறப்போம். இருந்தால் மெடல். இல்லாவிட்டால் கம்ப்யூட்டரில் தயாராக ஒரு பதில் இருக்கும். என் அசிஸ்டெண்ட் யாதவ் பெயரையும் நம்பரையும் மாற்றிப் பிரிண்ட் எடுத்துக் கொண்டுவருவார், நான் கையெழுத்துப் போடுவேன். ஒரு கடிதத்துக்கு அரை நிமிஷம் ஆனால் அதிகம்.

கீழே போனேன். ஜனவரிக் குளிர். அறுபது தாண்டிய ஒல்லி மனிதர், மஃப்ளரைக் காதோடு சேர்த்துக் கட்டியிருந்தார். என் அடையாள அட்டையில் பெயரைப் பார்த்ததும் எழுந்து நேராக நின்றார்.

"தமிழா மேடம்?"

"ஆமா சார். சொல்லுங்க."

"ராஜமாணிக்கம். ஹவில்தார் டிரைவர். திருப்பத்தூர் பக்கம்." பிளாஸ்டிக் உறையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார். "இத நீங்கதான எழுதனது?"

வாங்கிப் பார்த்தேன். எங்கள் வழக்கமான பதில்தான். ஆவணங்களின்படி மேற்படி காலத்தில் தாங்கள் வடக்கு மலைப் பகுதியில் பணிபுரியவில்லை, ஆகவே மெடலுக்குத் தகுதி இல்லை. அதற்குப் பிறகு அவர் எழுதிய நாலு கடிதங்களுக்கும், முன்பே பரிசீலிக்கப்பட்டது, மாற்றமில்லை என்று நாலு பதில் போயிருந்தது. எல்லாவற்றிலும் என் கையெழுத்து.

"ரெக்கார்டுல இல்ல சார். நாங்க என்ன செய்ய முடியும்?" என்றேன். இந்த வாக்கியத்தைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் வருத்தம் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு.

"மெடல் இல்லன்னா போவுதும்மா. அதுக்காக நான் ரெண்டு நாள் ரயில்ல வரல. இந்தக் காயிதத்த ஊருக்கு ஏன் அனுப்புனீங்க?"

எனக்குப் புரியவில்லை. அவர் கடிதத்தின் அடியில் விரலை வைத்துக் காட்டினார். 'காப்பி டு' என்று போட்டு, அவருடைய மாவட்டத்தில் முன்னாள் ராணுவத்தினருக்கான அலுவலகத்தின் விலாசம் இருந்தது. தகவலுக்காக ஒரு நகல். எல்லாக் கடிதத்துக்கும் அனுப்புவோம். ஏன் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை, எனக்கு முன்னால் இருந்தவரும் அனுப்பினார்.

2. தனபால் வீட்டில் சொன்னது

கேன்டீனுக்கு அழைத்துப் போனேன். டீயைத் தொடாமல் சொன்னார்.

ராஜமாணிக்கத்தின் யூனிட்டான டிரான்ஸ்போர்ட் கம்பெனி ராஜஸ்தானில் இருந்தது. வடக்கே சண்டை மூண்டபோது ஒரு பீரங்கி ரெஜிமெண்டில் டிரைவர் போதவில்லை என்று இவரையும் லாரியையும் ஐந்து மாதத்துக்கு அங்கே அனுப்பினார்கள். அந்த ரெஜிமெண்டில் தனபால் என்று ஒரு கன்னர், பீரங்கிச் சிப்பாய். பக்கத்து ஊர்க்காரர். மலைப்பாதையில் குண்டு இறக்கிக்கொண்டிருந்தபோது ஷெல் விழுந்தது. தனபாலைத் தன் லாரியில் தூக்கிப் போட்டுக் கீழே கொண்டுவந்தவர் ராஜமாணிக்கம். பாதி வழியில் தனபால் போய்விட்டார்.

"வண்டிய நிறுத்திட்டு தண்ணி குடுத்தன். ரெண்டு மொடக்கு குடிச்சான். சரசுன்னு சொன்னான். அது அவன் சம்சாரம் பேரு. வேற ஒண்ணும் சொல்லல."

லீவில் போனபோது அதை அப்படியே சரசிடம் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் தனபாலின் திதிக்கு அந்த வீட்டில் இவருக்கு ஓர் இலை. வருஷா வருஷம் அந்த அம்மா அதையே கேட்பாராம். தண்ணி குடிச்சாரா? எம்பேரச் சொன்னாரா? இவரும் சொல்வாராம்.

"போன வருசம் உங்க காயிதம் வந்துச்சு. மாவட்ட ஆபீசுல இருந்து நம்ம ஊரு பழைய பட்டாளத்துக்காரங்க சங்கத்துக்குப் போயி, அத அத்தினி பேரும் படிச்சிட்டாங்க. இவன் ராஜஸ்தான்ல கெடந்தவன், சண்டையப் பாக்கவே இல்ல, டில்லியிலேயே எழுதிட்டாங்கன்னு பேச்சு. திதிக்குப் போனன். தனபால் மவன் வாசல்லயே நிறுத்திட்டான். அங்க இல்லாத ஆளு எங்கப்பா எப்படிச் செத்தாருன்னு எங்கம்மாகிட்ட இத்தினி வருசமா கத சொன்னீங்களான்னு கேட்டான். சரசு, அந்தத் தங்கச்சி, உள்ள நின்னுது. வெளிய வரல."

மெடல் கேட்கப் போய் ஊரில் பொய்யனானார் என்பதோடு அது நிற்கவில்லை. கணவன் தாகம் தீர்ந்து, தன் பெயரைச் சொல்லிச் செத்தான் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா அத்தனை வருஷம் இருந்திருக்கிறார். என் அரை நிமிஷக் கையெழுத்து அதையும் பிடுங்கிக்கொண்டது.

"சார், அந்த ரெஜிமெண்டுக்கு அட்டாச்மெண்ட்ல போனதுக்கு உங்ககிட்ட ஏதாவது பேப்பர் இருக்கா?"

"டிரைவர்கிட்ட வண்டி போன எடம் எழுதற கார் டைரி மட்டும்தான மேடம் இருக்கும். அத அங்கயே ஒப்படச்சிட்டு வந்தன்."

கார் டைரியை எப்போதோ எரித்திருப்பார்கள். முயற்சி செய்கிறேன் என்றேன். அதற்கு எங்கள் ஆபீஸில் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். எழுந்தார். கேட் வரை கூடவே நடந்தேன். வலது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து வைத்தார்.

"கால்ல என்ன சார்? சுளுக்கா?" சும்மா மரியாதைக்குத்தான் கேட்டேன்.

"இல்ல மேடம், ரெண்டு வெரல் கெடயாது. பனியில போயிடுச்சி."

நான் நின்றுவிட்டேன். "எங்க?"

"அங்கதான். மேல."

"இத ஏன் சார் அஞ்சு லெட்டர்ல ஒண்ணுலகூட எழுதல?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "மெடல் கேக்கறதுக்கும் காலுக்கும் இன்னா மேடம் சம்பந்தம்? ஃபாரத்துல அதுக்கு எடமும் இல்லியே."

பிறகு, போவதற்கு முன்னால் ஒன்று கேட்டார். "நான் அங்க இருந்தன்னு முடிவாச்சுன்னா, அந்தக் காயிதம் யார் யாருக்குப் போச்சோ அவங்களுக்கெல்லாம் புதுக் காயிதமும் போவணும் மேடம். தங்கச்சிக்கும் ஒண்ணு போடுங்க."

போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

3. அடுத்த செக்‌ஷன் கவர்

மேலே வந்து யாதவிடம் ராஜமாணிக்கத்தின் முழு ஃபைலையும் எடுக்கச் சொன்னேன். ஃபைலுக்குள்ளேயே மெடிக்கல் பேப்பர்கள் தனிக் கவரில் இருக்கும். அது பென்ஷன் செக்‌ஷன் சமாசாரம். மெடல் செக்‌ஷன்காரர்கள் அதைத் தொடமாட்டோம். அடுத்த செக்‌ஷன் கவரைப் பிரிப்பது அடுத்த வீட்டு அடுக்களையில் நுழைகிற மாதிரி.

அனுமதி வாங்கிப் பிரித்தேன். இரண்டாவது தாளிலேயே இருந்தது. வலது கால், இரண்டு விரல்கள், ஃப்ராஸ்ட்பைட். சேர்த்துக்கொண்ட ஃபீல்ட் ஆஸ்பத்திரியின் பெயர், மலைமேல் இருந்த இடம், தேதி. அதே தேதியில் எங்கள் ஷீட் ரோல் அவரை ராஜஸ்தானில் வைத்திருந்தது. இரண்டு தாளுக்கும் நடுவே ஒரு விரற்கடை தூரம்கூட இல்லை. ஐந்து முறை அந்த ஃபைல் என் மேஜைக்கு வந்து போயிருக்கிறது.

நடந்தது எங்கள் தொழிலில் பழைய வியாதி. அட்டாச்மெண்டில் போகிறவரைப் பற்றி சொந்த யூனிட் நினைக்கும், போன இடத்தில் பார்ட் டூ ஆர்டர் போடுவார்கள் என்று. போன இடத்தில் நினைப்பார்கள், நம் ஆள் இல்லையே, அவர் யூனிட் போட்டுக்கொள்ளும் என்று. இருவரும் போடவில்லை.

எனக்கு மேலே இருந்த கர்னல் ஃபைலைப் புரட்டினார். "மேடம், சோட் லிகீ ஹை, போஸ்டிங் தோ நஹீ லிகீ." காயம்தான் எழுதியிருக்கிறது, அங்கே போஸ்டிங் என்று இல்லையே என்கிறார்.

"சரி சார், ராஜஸ்தான் மணலில் பனி கடித்து விரல் போன முதல் ஆள் என்று நோட் எழுதிவிடுகிறேன்" என்றேன் ஹிந்தியில். மேலதிகாரியிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் மேல்நடவடிக்கை எடுக்கலாம் என்று கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு இருபத்தோரு மாதம் ஆனது. பீரங்கி ரெஜிமெண்டுக்கு எழுதினோம், டிரான்ஸ்போர்ட் கம்பெனிக்கு எழுதினோம், இருவரும் மற்றவரைக் கேட்கச் சொன்னார்கள். தாமதமாக ஆர்டர் வெளியிடத் தனி அனுமதி வேண்டும், அதற்கு மூன்று ஆபீஸ். சில நாள் ஃபைலை நானே கையில் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். மயூர் விஹாருக்குத் திரும்பும் மெட்ரோவில் அன்றைக்கு எந்த மேஜை வரை நகர்ந்தது என்று யோசித்துக்கொண்டே வருவேன். வீட்டில் கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது.

ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை போன் வரும். "ராஜமாணிக்கம் பேசறன் மேடம். ஆச்சா?" இல்லை என்றால் வைத்துவிடுவார். ஒரு தடவை மட்டும் கூடுதலாகப் பேசினார். "தங்கச்சிக்கு ஒடம்பு முடியலியாம் மேடம். கொஞ்சம் ஜல்தியா பாருங்க." பட்டாளத்து ஹிந்தி அவரை விட்டுப் போகவில்லை.

அதற்கு அடுத்த மாதம் போன் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. சலித்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நானாக ஒரு போன் செய்திருக்கலாம். செய்யவில்லை.

4. தமிழில் எழுதிய ஒரே கடிதம்

நான் ஓய்வுபெற இரண்டு மாதம் இருக்கும்போது அனுமதி வந்தது. ஷீட் ரோலில் சிவப்பு மையில் அந்த ஐந்து மாதத்தை ஏற்றினோம். மெடல் பார்சலில் போனது. கடிதத்தின் நகல் மாவட்ட அலுவலகத்துக்குப் போனது. ஆனால் சரசுக்கு, ஃபைலில் சம்பந்தமில்லாதவர் என்பதால், நகல் அனுப்ப விதியில் இடமில்லை. ஆகவே ஒரு வெள்ளைத் தாளில் நானே கைப்பட எழுதினேன். தங்கள் கணவர் கன்னர் தனபால் இறந்த நாளில் ஹவில்தார் ராஜமாணிக்கம் அவருடன் அதே இடத்தில் பணியில் இருந்தார் என்பதை எங்கள் ஆவணங்கள் இப்போது உறுதி செய்கின்றன, முன்பு நாங்கள் எழுதியது தவறு என்று. முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் நான் தமிழில் எழுதிய ஒரே ஆபீஸ் கடிதம் அது. ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன்.

மூன்று வாரத்தில் அது பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. உறையின் குறுக்கே நீல பால்பாயிண்ட் பேனாவில் தபால்காரர் எழுதியிருந்தார்: பெறுநர் காலமானார்.

ராஜமாணிக்கத்துக்கு போன் செய்தேன்.

"தெரியும் மேடம். ஏழு மாசம் ஆச்சு."

அதனால்தான் போன் நின்றிருக்கிறது. "சொல்லியிருக்கலாமே சார்" என்றேன்.

"சொல்லி இன்னா மேடம் ஆவப்போவுது? கடைசியில ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்தன். மவன் ஒண்ணும் சொல்லல, விட்டுட்டான். பக்கத்துல உக்காந்தன். இந்த வாட்டி தண்ணி குடிச்சாரான்னு கேக்கும்னு பாத்தன். அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிச்சு. கேக்காமலே போயிடுச்சு."

அவரே தொடர்ந்தார். கோபமில்லாமல்தான் சொன்னார். "நீங்க எழுதன மொத காயிதம் எட்டே நாள்ல எங்க ஊருக்கு வந்துச்சு மேடம்."

எனக்கு அழுகை வந்தது. அடுத்த சீட்டில் யாதவ் இருந்ததால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, மிச்சமிருந்த நாட்களில், எங்கள் ரெடிமேட் பதிலில் ஒரு வரியை மாற்றினேன். 'தாங்கள் அங்கே பணிபுரியவில்லை' என்பதை எடுத்துவிட்டு, 'எங்களிடம் உள்ள ஆவணங்களில் பதிவு இல்லை, வேறு சான்று ஏதும், காயம் உட்பட, இருந்தால் தெரிவிக்கவும்' என்று போட்டேன். ஊருக்குப் போகும் நகலை நிறுத்தினேன். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். நம்மிடம் காகிதம் இல்லை என்றால் அப்படியே எழுதுங்கள். அந்த ஆள் அங்கே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். நாமும் அங்கே இல்லை.

அன்றைக்கு அவரிடம் போனை வைக்கும் முன் கேட்டேன். "சார், திரும்பி வந்த அந்தக் கவர என்ன செய்யட்டும்? உங்களுக்கு அனுப்பட்டுமா?"

"எனக்கு வேணாம் மேடம். என் ஃபைல்லயே வெச்சிடுங்க. அதுவும் ரெக்கார்டுதான."

பிரிக்காமலே வைத்தேன். பக்க எண் ஐம்பத்து மூன்று.