நேரலையில் சொன்ன அழைப்பு

கமெராவைப் பார்த்து, எல்லாருக்கும் பொதுவாக "வாருங்கள்" என்று சொன்னால் அது அழைப்பாகுமா? நேரலையில் கொரிய மொழி கதைப்பதை வேலையாகச் செய்யும் எனக்கு வந்த சிக்கல் இது.

1. சும்மா இருக்கும் வேலை

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு கொரிய மொழி நிலையம். தொழிற்சாலை வேலைக்குக் கொரியா போக விரும்புகிறவர்கள் அங்கே படிக்கிறார்கள். பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். கொரியர்கள் நூடுல்ஸ் சாப்பிட்டபடி சும்மா கதைத்து நேரலை செய்வதை நிலையப் பொறுப்பாளர் எங்கோ பார்த்திருக்கிறார். முன்பு அங்கே படிப்பித்து, குழந்தை பிறந்ததும் நின்றுவிட்ட என்னைக் கூப்பிட்டார்.

"பாடம் வேண்டாம் பிள்ளை. சாப்பிட்டுக்கொண்டு சும்மா கொரியனிலை கதையும். பாக்க வாறவை எல்லாரும் ஒரு குடும்பம் மாதிரி ஆகவேணும்."

சண்டிலிப்பாயில், வீட்டிலிருந்தபடியே, மகள் பகலில் நித்திரை கொள்ளும் நேரத்தில் செய்யக்கூடிய வேலை. இப்படியொன்று இனிக் கிடைக்காது என்ற பயத்தில் உடனே சம்மதித்தேன். சும்மா கதைப்பது எப்படி என்று தெரியாததால், கண்ணாடிக்கு முன்னால் இருந்து சும்மா கதைத்துப் பழகினேன்.

முதல்நாள் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். "பப் மொகொஸ்ஸோ?" என்று தொடங்கினேன். சாப்பிட்டாயா என்று அர்த்தம். கொரியர்கள் ஆளைக் கண்டதும் கேட்பது இதுதான். எங்கள் ஆட்களுக்கு மேலதிக விளக்கம் தேவைப்படவில்லை. வெள்ளிக்கிழமையும் அதுவுமாகக் குழம்புக்குள் தெரிவது கருவாடா என்று கேட்டுக் கொமென்ற் வந்தது. கருவாடு இல்லை, கத்தரிக்காய்க் காம்பு என்று கொரிய மொழியில் சொல்ல நான் பட்ட பாடு பெரிது.

2. குடும்பம்

மலர் அக்கா கொடிகாமத்தில் இருந்து நேரலைக்கு வந்து சேர்ந்தார். கொரியாவில் வேலை செய்யும் மகன் லீவில் வந்து நின்றபோது போனில் ஒரு பெட்டையோடு கொரியனில் கதைத்தது விளங்கவில்லை, அதை அறியவேண்டும் என்றார். இதைவிட நல்ல காரணத்தோடு ஒருவரும் படிக்க வரவில்லை. அவரைப்போல ஒருவரும் விரைவாகப் படிக்கவும் இல்லை. புதிதாக வருகிறவர்களிடம் எந்த ஊர், ஆருடைய பிள்ளை என்று விசாரித்து உறவு கண்டுபிடிக்கும் பொறுப்பையும் தானாகவே எடுத்துக்கொண்டார்.

பேர் சொல்லி வரவேற்க மறந்தால், அந்த ஆள் மறுநாள் தவறாமல் வந்து, ஒன்றும் எழுதாமல் இருந்து, தனக்குக் கோபம் என்பதைத் தெரியப்படுத்துவார். பொறுப்பாளர் கேட்ட குடும்பம் உண்டாகிவிட்டது என்று எனக்கு அப்போதே விளங்கியிருக்கவேண்டும்.

3. பிறந்தநாள்

மகளின் முதலாவது பிறந்தநாளுக்குச் சொந்தக்காரரிடம் வீடுவீடாகப் போய்ச் சொன்னோம். நேரலைக்காரருக்கு நேரலையில் சொன்னேன், கொரிய மொழியில் ஒருமுறை, பாதுகாப்புக்குத் தமிழில் ஒருமுறை. திரை நிறைய இதயங்கள் பறந்தன. அதை நம்பி வாடகைக்குக் கதிரை எடுத்தோம், கடையில் ரோல்ஸுக்குச் சொன்னோம். நேரலைக்காரரில் வந்தவர்கள் மூன்று நான்கு மாணவர்கள். அவர்களும் ரோல்ஸ் சாப்பிட வந்தவர்கள்.

அடுத்த நேரலையில் மலர் அக்கா இல்லை. பிறகு அவரோடு கதைப்பவர்கள் இல்லை. பிறகு அவர்களோடு கதைப்பவர்கள். பொறுப்பாளர் போன் எடுத்தார். "ஆக்கள் குறையுது பிள்ளை. உப்பிடியே போனா இதை நிப்பாட்டத்தான் வேணும்."

நாளாந்தம் முகம் பார்த்துக் கதைப்பவரின் வீட்டுக்குப் போய் வேறு சொல்லவேண்டுமா என்று கணவரிடம் கேட்டேன். அவர் மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்தார்.

4. கொடிகாமம்

மலர் அக்கா தேத்தண்ணி தந்தார். கூட்டிக்கொண்டு போன என் மகளை மடியில் வைத்து, "பப் மொகொஸ்ஸோ?" என்று அவளிடம் கேட்டார். என்னோடு தமிழில் மட்டும் கதைத்தார்.

"கோவமெல்லாம் இல்லைப் பிள்ளை. சொல்லாத இடத்துக்கு நாங்கள் போறேல்லை, அவ்வளவுதான்."

"லைவிலை சொன்னனான் அக்கா."

"ஓம், எல்லாருக்கும் சொன்னனீர். எனக்குச் சொன்னனீரோ?"

நான் மன்னிப்புக் கேட்டேன். கொண்டுபோன கேக்கை உள்ளே வைத்துவிட்டு வந்து, நாளைக்கு லைவுக்கு வாறன் என்றார். சொன்னபடி வந்தார். வந்ததும், ரீச்சர் தன் வீட்டுக்கு வந்துபோனதை எல்லாருக்கும் அறிவித்தார். அதுவும் அழகான கொரிய மொழியில்.

உடனே ஒருவர் எழுதினார்: "எங்கடை வீட்டுக்கு எப்ப ரீச்சர்?" அதற்கு மலர் அக்கா பதில் எழுத, அதற்கு மற்றவர்கள் பதில் எழுத, விட்டுப் போனவர்களெல்லாம் சண்டை பார்க்கத் திரும்பி வந்தார்கள். பொறுப்பாளருக்குச் சந்தோசம். நிலையத்தில் எல்லாரையும் கூட்டி ஒரு ஒன்றுகூடல் வைப்போம், நீரே எல்லாருக்கும் சொல்லிவிடும் என்றார்.

படித்த பாடம் ஒன்றுதான்: குடும்பம் மாதிரி என்று ஒருவர் சொன்னால், எந்தக் குடும்பம் மாதிரி என்று முதலில் கேட்கவேண்டும்.

இந்த முறை வீடுவீடாகத்தான் போகப் போகிறேன். ஆனால் முதலில் யார் வீட்டுக்கு? மலர் அக்காவிடம் இருந்து தொடங்கினால் மற்றவர்கள் வரமாட்டார்கள். அவரைக் கடைசிக்கு விட்டால் அவர் வரமாட்டார். இப்படியான வேலையில் இருப்பவர்கள் தயவுசெய்து ஒரு வழி எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளிக்கிடுகிறோம். அதற்கு முதல் எழுதினால் உதவியாக இருக்கும்.