நல்ல தொற்று

லென்ஸ்காரருக்கு வேலை போனது ஒரு வெள்ளைப் பெட்டியால். ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் மைக்ரோஸ்கோப்பில் கண்ணைப் பதித்தே தலை நரைத்தவர் அவர். ரத்தமோ சளியோ, சுரண்டி எடுத்த நகமோ, கண்ணாடித் தகட்டில் வருவதைப் பார்த்து 'இருக்கிறது', 'இல்லை' என்று சொல்வதுதான் தொழில். அவர் ஒரு காலை முழுக்கக் குனிந்து பார்ப்பதை, புதிதாக வந்து இறங்கிய அந்த இயந்திரப் பெட்டி டீ ஆறுவதற்குள் பார்த்து முடித்தது. கூட வேலை பார்த்தவர்கள் கைகுலுக்கி, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

வீட்டில் அவர் வாய் திறக்காத மனிதர். பிறவியிலேயே அப்படி இல்லை. தகட்டில் கெட்டது தெரிந்தால் அது யாருடையது என்று அவருக்குத் தெரியாது. மேலே ஓர் எண் மட்டும் ஒட்டியிருக்கும். ஆனால் அந்த எண்ணுக்கு ஒரு வீடு இருக்குமே, அங்கே யாரோ காத்திருப்பார்களே என்ற நினைப்பு பஸ்ஸிலும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வரும். வந்ததும் குழாயைத் திறந்து வெகுநேரம் கை கழுவுவார். தண்ணீர்ச் சத்தத்தை வைத்தே மனைவி புரிந்துகொள்வாள். கேட்டால் நோகுமோ என்று கேட்கமாட்டாள். கேட்கவில்லையே என்று அவரும் சொல்லமாட்டார். இப்படியே பேச்சு தேய்ந்து, 'சோப்பு தீந்துபோச்சு', 'மழை வர மாதிரி இருக்கு' என்ற அளவில் நின்றது குடித்தனம்.

ஊருக்கு வெளியே உயிர் உரம் தயாரிக்கும் ஓர் அம்மாளுக்கு மைக்ரோஸ்கோப் பார்க்க ஆள் தேவைப்பட்டது. பச்சை வலை போர்த்திய கொட்டகை. உள்ளே நீளநீளமான தொட்டிகளில் மக்காச்சோளம். அந்தம்மாள் அவரிடம் ஒரு தகட்டைக் கொடுத்து, "என்ன தெரியுதுன்னு சொல்லுங்க சார்" என்றார்.

காரக் கரைசலில் வேகவைத்து, கண்ணாடிபோல் ஆக்கி, சாயம் ஏற்றிய வேர் அது. லென்ஸ்காரர் குனிந்தார். வேருக்குள் நீல நீலமாய் இழைகள். தகட்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

"மேடம், பூஞ்சை. முழுக்கப் பரவியிருக்கு" என்றார், துக்கம் சொல்லும் குரலில்.

அந்தம்மாள் கைதட்டிவிட்டார். "அப்பாடா! இந்தத் தொட்டி பாஸ்!"

அவர் விழித்தார். அந்தம்மாள் ஸ்டூலை இழுத்துப்போட்டுக்கொண்டு விளக்கினார். இது வேர்ப்பூஞ்சை. செடி இதற்குச் சர்க்கரை கொடுக்கும். பதிலுக்கு இது, வேர் எட்ட முடியாத இண்டு இடுக்கெல்லாம் இழையை நீட்டி, தண்ணீரும் மணிச்சத்து என்கிற பாஸ்பரஸும் கொண்டுவந்து கொடுக்கும். மக்காச்சோள வேரில் இதைப் பெருக்கி, வேரையும் மண்ணையும் காயவைத்துப் பொடித்தால் அதுதான் உரம்.

"நம்ம வேலையில தொற்று இல்லேன்னாதான் சார் கவலை."

அன்று முதல் அவர் கண்ணுக்கு வேறொரு உலகம் திறந்துகொண்டது. பிற்பகல் வெயில் வலை வழியாக வடிந்து கொட்டகையே பாசிக்குளத்தின் அடிபோல் ஆகும் நேரத்தில் லென்ஸைத் திருகுவார். வேரின் ஒவ்வொரு சிற்றறைக்குள்ளும் ஒரு நீல மரம் கிளைவிட்டு நிற்கும். அறைக்கு ஒரு மரம், இலையில்லாத மரம். இடையிடையே குமிழ்கள், ஏற்றிவைக்காத விளக்குகள் மாதிரி. அந்தத் தோப்புக்குள் தானும் செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பதுபோல் இருக்கும். யாராவது தோளைத் தொட்டால் எங்கிருந்தோ திரும்பி வருவார். பஸ்ஸில் கண் சொக்கும்; கண்டக்டரின் கைவிரல்களில்கூட நீல இழை ஓடும்.

வீட்டில் விஷயம் தெரிந்தபோது மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். குளியலறை மூலையில் பூக்கும் கரும்பூஞ்சையோடு பிரஷ்ஷும் கையுமாக ஆயுள் முழுக்கச் சண்டை போட்டவள் அவள்.

"நான் இங்க உயிரைக் குடுத்துத் தேய்ச்சிக்கிட்டு இருக்கேன். நீங்க அதை வளர்த்து விக்கிறீங்களா? நல்ல குடும்பம்!"

"இது அது இல்லம்மா. வேற சாதி. வேர் இல்லாட்டி இதுக்குப் பொழைப்பே கிடையாது" என்றவர், தன்னையறியாமல் அந்த நீல மரங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இருவருமே கவனிக்கவில்லை.

பால்கனியில் அவள் வளர்த்த எலுமிச்சைக் கன்றுகள் இரண்டு, வைத்த நாளிலிருந்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றன. அவர் ஒரு பொட்டலம் உரத்தோடு வந்தபோது அவள் வழியை மறித்தாள். பிறகு, "ஒண்ணுக்குப் போடுங்க. இன்னொண்ணைத் தொடாதீங்க. பார்ப்போம் உங்க பூஞ்சை சாமர்த்தியத்தை" என்றாள்.

மேலே தூவினால் பயனில்லை, வேரில் படவேண்டும். கன்றைப் பக்குவமாகப் பெயர்த்து, குழியில் ஒரு பிடி போட்டு, அதன்மேல் வேரை உட்காரவைத்தார். வெகுநாள்வரை ஒன்றும் நடக்கவில்லை. அவள் தினமும் போய்ப் பார்த்துவிட்டு, "தூங்குது" என்று அறிவிப்பாள். கோடை வந்தது. ஒரு கன்று வெயிலில் துவண்டு இலை சுருட்டியது. உரம் வைத்ததோ, குருத்து விட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றது. அவள் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தவள், எழுந்திருக்கவே இல்லை.

மறுநாள் அவளே அந்தக் கன்றின் நுனிவேரில் நூலளவு நறுக்கி, ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு, "நானும் வர்றேன்" என்றாள்.

கொட்டகையில் அவர் வேரை வேகவைத்துச் சாயம் ஏற்றும்வரை பொறுமையாக நின்றாள். பிறகு ஒரு கண்ணை மூடிக் குனிந்தாள்.

"ஏங்க... இது நம்ம செடியா?"

"நம்ம செடிதான்."

"இத்தனை நாளா உள்ள இவ்வளவு நடந்திருக்கா? தூங்குதுன்னு சொன்னேனே."

தலையை எடுக்காமலே இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"அங்க, ஆஸ்பத்திரியில... என்னங்க பார்த்தீங்க அத்தனை வருஷமா?"

யாரும் அவரிடம் கேட்காத கேள்வி. அவர் துணியெடுத்து லென்ஸைத் துடைத்தார், வைத்தார், மறுபடி துடைத்தார். பிறகு, வாராவாரம் வந்துகொண்டிருந்த ஒரு பிரசவ வார்டு எண்ணைப் பற்றிச் சொன்னார். அந்த எண் அடுத்த வாரம் வரவே இல்லை என்றும், ஏன் என்று விசாரிக்கத் தனக்குத் தைரியம் வரவில்லை என்றும் சொன்னார். அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு அவரைப் பார்த்து உட்கார்ந்தாள். "சொல்லுங்க" என்றாள்.

சொன்னார். மக்காச்சோளத் தோகைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. கொட்டகையைப் பூட்ட வந்த அந்தம்மாள் இருவரையும் பார்த்துவிட்டு, சாவியைச் சத்தமில்லாமல் மேசைமேல் வைத்துப் போனார். பஸ் நிறுத்தத்திலும் பேச்சு முடியவில்லை. அவர்களுடைய பஸ் வந்து, வேகம் குறைத்து, போயிற்று. நிறுத்தச் சொல்லி அவள் கையைக்கூட ஆட்டவில்லை.