கதவைச் சாத்துகிறவள்

கதவைச் சாத்துகிறாள்தான், இல்லையென்று நான் எங்கே சொன்னேன்? ஆனால் எதிர்வீட்டுக்காரி ஊரெல்லாம் சொல்வதுபோல, மனுசர் முகத்தில் அடித்தமாதிரி சாத்துகிறாள் என்பது அபாண்டம். என் மருமகள் சாத்துவது புகைக்கு. நடுவில் உன் முகம் வந்து நின்றால் அவள் என்ன செய்வாள்?

காலையில் எழுந்ததும் சன்னல் வழியே பேக்கரிக்காரனின் புகைக்குழாயைத்தான் பார்ப்பாள். புகை மேலே ஏறிக் கலைந்துபோனால் சன்னல்களைத் திறப்பாள். கூரைமேல் சோம்பேறிபோலப் படுத்துக் கிடந்தால், "இன்னிக்குக் காத்து செத்துப்போச்சு அத்தை" என்று எல்லாவற்றையும் சாத்தி, கதவடியில் ஈரத்துண்டைச் செருகிவிடுவாள். குளிர்காலத்தில் பாதி நாள் இந்தக் கதைதான். வெயில் ஏறித் தரை சூடானால்தான் புகைக்கு எழுந்திருக்க மனசு வரும்.

வீட்டிலேயே திரைச்சீலை தைக்கிறாள். வெள்ளைத் துணியை விரிக்குமுன் மேசையைத் துடைத்து, கறுத்துப்போன கந்தலை என் மூக்குக்கு நேரே நீட்டுவாள். "பாருங்க, ராத்திரி போன லாரியெல்லாம் நம்ம மேசை மேலதான் ஓடியிருக்கு."

எனக்கும் முதலில் கிறுக்கு என்றுதான் பட்டது. பிறகு பேத்திக்கு மூச்சிழுப்பு வந்த காலைகளை யோசித்துப் பார்த்தேன். எல்லாம் புகை படுத்த காலைகள்.

மழை பெய்த மறுநாள் வந்து பார். கதவு விரியத் திறந்திருக்கும். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுப்பாள். மழைக்கு மட்டும் பல் தெரிகிறது என்று அதற்கும் ஒரு பேச்சு!

போன வாரம் இலை அசையாத ஒரு காலை. எதிர்வீட்டுக்காரி வழக்கம்போல வாசல் குப்பையைக் கொளுத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். என் மருமகளும் எத்தனையோ தடவை தன்மையாகச் சொல்லியாயிற்று. ஒரு கைப்பிடிக் குப்பைக்கா இந்த ஆர்ப்பாட்டம் என்பாள் அவள். புகை தரையோடு ஊர்ந்து எங்கள் பக்கமே வந்தது. மகன் வேலைக்குப் போயிருந்தான். பேத்தியின் நெஞ்சு கீச்சிடத் தொடங்கியது.

மருமகள் குழந்தைக்கு மருந்தை உறிஞ்சக் கொடுத்து என் இடுப்பில் ஏற்றினாள். கதவடியிலிருந்த ஈரத்துண்டை உருவி மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். வேறொரு துணியை நனைத்து என் காலடியில் போட்டாள்.

"நான் போனதும் இதக் காலால தள்ளிவிட்டுருங்க அத்தை. நானே வந்து தட்டினாலும் புகை அடங்காமத் தெறக்காதீங்க."

ஒரு கையில் தண்ணீர் வாளி. மறு கையால், வெளியே நின்றபடி, கதவை இழுத்துச் சாத்தினாள்.