மாமாவின் மினுங்கும் சப்பாத்து

வெள்ளைக்காரர் திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் போனபோது ஊரில் பலருக்கு வேலை போயிற்று. எங்கள் மாமாவுக்கு மட்டும் போகவில்லை. அம்மாவின் தம்பியான அவர் எங்கள் வீட்டில்தான் இருந்தார். சீனன்குடாவில் எண்ணெய் சேமிக்கும் தாங்கிகளில் தன்னை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள் என்று சொன்னார், நாங்களும் நம்பினோம். வெளியாட்களை அங்கே உள்ளே விடமாட்டார்கள். போய்ப் பார்க்க முடியாத இடத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நம்பத்தானே வேண்டும்? அந்த வேலையைச் சொல்லித்தான் அம்மா அவருக்கு உப்புவெளியில் ஒரு பெண்ணைப் பேசிக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போது பத்து வயது. வகுப்பில் என்னை விடக் கெட்டிக்காரி இல்லை என்பது என் கருத்து. மற்றவர்களின் கருத்தை நான் விசாரிக்கவில்லை.

தவணை விடுமுறைக்கு முதல்நாள் யாரும் புத்தகம் கொண்டுவருவதில்லை. வாத்தியார் ஒரு விளையாட்டுச் சொன்னார். ஒருவர் எழுந்து தனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றைச் சொல்லவேண்டும். வகுப்பே சேர்ந்து, "எப்பிடித் தெரியும்?" என்று கேட்கும். கண்ணால் கண்டதை, கையால் தொட்டதை, மூக்கால் மணந்ததைச் சொல்லலாம். யாரோ சொன்னார் என்றால் தோல்வி. பதில் இல்லாமல் நின்றாலும் தோல்வி. வென்றவருக்கு வாத்தியாருடைய சிவப்பு நீலப் பென்சில்.

கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்குக் கீழே நெருப்பு எரிகிறது என்றான் ஒருவன். பெரியப்பா சொன்னவர் என்றதும் உட்கார வேண்டியதாயிற்று. பூமி உருண்டை என்றவளும் பாடப்புத்தகத்தில் படித்தேன் என்று சொல்லிக் கவிழ்ந்தாள். நான் எழுந்தேன்.

"எங்கட மாமா சீனன்குடாவில வேலை செய்யிறார்."

"எப்பிடித் தெரியும்?"

"விடியக் காலமை சோத்துப் பார்சலோட போறார். பின்னேரம் வரேக்க உள்ளங்கை ரெண்டும் கண்டிச் சிவந்து இருக்கும். நான்தான் எண்ணெய் பூசிவிடுறனான்."

வாத்தியார் கதிரையை விட்டு எழுந்து வந்தார். "உடுப்பில எண்ணெய் மணக்குமோ?"

"இல்லை சேர். உப்புத்தான் மணக்கும். கட்டியிருக்கிற சாரத்தில மீன் செதிலும் ஒட்டியிருக்கும்."

"அப்ப அவர் கரைவலை இழுக்கிறார்!" என்று கடைசி வாங்கிலிலிருந்து ஒருத்தி கத்தினாள். வகுப்பு சிரித்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"வலை இழுக்கிற ஆள் காலில சப்பாத்துப் போடுவாரோ? மாமா மினுக்கிப் போட்டுக்கொண்டு போறவர். வரேக்கையும் ஒரு மண் இல்லாமல் அப்பிடியே மினுங்கும்!"

வாத்தியார் பென்சிலை என் கையில் தந்தார். அவர் முகம் ஏன் அப்படிச் சுருங்கியது என்று நான் யோசிக்கவில்லை. மாமாவுக்குப் பேசியிருந்த உப்புவெளிப் பெண் வாத்தியாருடைய தங்கை என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் இரண்டு சாட்சி கூடச் சொல்லியிருப்பேன்.

அந்தக் கிழமையே வாத்தியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா தேத்தண்ணி கொடுத்து, தம்பியின் அரசாங்க வேலையைப் பற்றிப் பெருமையாகத் தொடங்கினார். வாத்தியார் மாமாவைப் பார்த்தார்.

"சீனன்குடா வேலை போயிட்டுது எண்டு எனக்குத் தெரியும். வலை இழுக்கிறது குறைச்சல் இல்லை. தங்கச்சியும் அப்பிடித்தான் சொல்லுறாள். ஆனால் அதை உங்கட வாயால நான் கேக்க வேணும்."

மாமா தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அம்மா அவருடைய முகத்தையே பார்த்தார். "ஓம் மாஸ்டர்," என்றார் மாமா. "அக்காவுக்குச் சொல்ல வெக்கமா இருந்தது. கரைவலைதான் இழுக்கிறன்."

அம்மா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். பிறகு வாத்தியார் பக்கம் திரும்பி, "எங்களுக்கே தெரியாதது, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார்.

எனக்குப் புல்லரித்தது. எங்கள் விளையாட்டு! வாத்தியாரையே மடக்கிவிட்டாரே அம்மா! வாத்தியார் கதவோரம் நின்ற என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்து, கடைசிச் சொட்டுவரை மெதுவாகக் குடித்தார்.

"சேர் தோத்திட்டார்!" என்று நான் கைதட்டித் துள்ளினேன்.

கலியாணம் நடந்தது. விடுமுறை முடிந்து வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன், வாத்தியாருக்கே பதில் தெரியவில்லை என்று.